மியூசியம் பாட்டில்ல கிடக்கற மரவட்டை புது இனமா? லேபிள்ல ஆரம்பிச்சு ஆராய்ச்சி பேப்பர் வர்ற வரைக்கும் முழு வழிகாட்டி

ஒரு உயிரினத்தை முதல் தடவை பிடிச்சதுக்கும் அது புது இனம்னு பேப்பர்ல வர்றதுக்கும் நடுவுல சராசரியா 21 வருஷம் ஓடிடுதுன்னு 2012ல ஒரு ஆய்வு வந்துச்சு. அவ்ளோ வருஷமும் அது எங்க இருக்கும்னா, ஏதாவது ஒரு மியூசியத்தோட அலமாரில, ஆல்கஹால் பாட்டில்ல, "இனம் தெரியல"ன்னு ஒரு சீட்டோட. மரவட்டைல இது இன்னும் அதிகமாத்தான் இருக்கும்னு நினைக்கறேன், ஏன்னா பாக்கற ஆளே கம்மி. இதுவரைக்கும் பேர் வெச்சது சுமார் 12,000 இனம், பேர் வைக்காம கிடக்கறது அதைவிட பல மடங்குன்னு இந்த ஃபீல்டுல இருக்கறவங்க எல்லாருமே சொல்றாங்க.

அதனால காட்டுக்கு போகாமலே புது இனம் விவரிக்கலாம், நிறைய பேர் அப்படித்தான் பண்றாங்க. ஆனா முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன், வித்தியாசமா ஒரு மரவட்டை கண்ணுல படறது இதுல ரொம்ப சின்ன வேலை, அதுக்கு முன்னாடி யாரும் அதுக்கு பேர் வைக்கலைன்னு நிரூபிக்கறதுதான் பெரிய வேலை. பாதி நேரம் பூச்சியோட போகும், மீதி பாதி செத்துப்போனவங்க எழுதின பேப்பரோடயும் கையெழுத்தோடயும் போகும். அது பிடிக்கலைன்னா இந்த வேலை ஒத்துவராது.

முதல்ல ஒரு குரூப்பை பிடிங்க

மரவட்டைல 16 வரிசை (பல குடும்பங்களை சேத்த பெரிய பிரிவு, ஆர்டர்) இருக்கு, எல்லாத்தையும் பாக்கறேன்னு இறங்கினா எதுவும் முடியாது. ஒரு குடும்பம், முடிஞ்சா ஒரே ஒரு பேரினம், அதுவும் ஒரு பகுதில இருக்கறது மட்டும்னு எடுத்துக்கோங்க. தென்னிந்தியா, இலங்கைன்னு எடுத்தா தொட்டா கோலிகுண்டு மாதிரி சுருண்டுக்கற ஆர்த்ரோஸ்ஃபேரா இருக்கு, நீளமா உருளையா இருக்கற ஹார்பகோஃபோரிடே குடும்பம் இருக்கு, பக்கவாட்டுல சிறகு மாதிரி விளிம்பு நீட்டிக்கிட்டிருக்கற பாலிடெஸ்மிடா வரிசை இருக்கு. புதுசா ஆரம்பிக்கறவங்களுக்கு பாலிடெஸ்மிடாதான் நல்லதுன்னு என் அபிப்ராயம். காரணம் கீழ வரும்.

அப்புறம் மியூசியத்துக்கு மெயில் போடுங்க. "உங்ககிட்ட இருக்கற மரவட்டை எல்லாத்தையும் பாக்கணும்"னு எழுதினா பதில் வராது, வந்தாலும் "எதுக்கு?"ன்னுதான் வரும். எந்த குரூப், எந்த ஊர்ப்பக்கம், வெட்டிப் பாக்கணுமா வெறுமனே பாக்கறதா, எவ்ளோ நாளைக்கு வேணும்னு தெளிவா எழுதணும். ஸ்பெசிமனை, அதாவது பதப்படுத்தி வெச்சிருக்கற பூச்சியை, லோனா கொடுப்பாங்க, ஆனா ஆல்கஹால்ல இருக்கறதை விமானத்துல அனுப்ப கட்டுப்பாடு உண்டு, நாட்டுக்கு நாடு அனுமதி வேற. நேர்ல போக முடிஞ்சா போயிடறதுதான் நல்லது. நேர்ல போனா இன்னொரு லாபம், லிஸ்ட்லயே இல்லாத, "பலவகை மரவட்டை"னு எழுதி ஓரமா வெச்ச ஜாடியை நீங்களே திறந்து பாக்கலாம், நல்ல சரக்கு பெரும்பாலும் அங்கதான் இருக்கும்.

லேபிளை படிக்கறது

பூச்சியை தொடறதுக்கு முன்னாடி பாட்டிலுக்குள்ள இருக்கற ஒவ்வொரு சீட்டையும் ரெண்டு பக்கமும் ஃபோட்டோ எடுத்துடுங்க. பழைய சீட்டை எக்காரணம் கொண்டும் வெளிய எடுத்து போட்டுடாதீங்க, கிழிஞ்சிருந்தாலும் மை அழிஞ்சிருந்தாலும் தப்பாவே எழுதியிருந்தாலும் அது அந்த பாட்டிலுக்குள்ளதான் இருக்கணும். திருத்தம் இருந்தா புதுசா ஒரு சீட்டு எழுதி கூட போடுங்க, பென்சில்லயோ ஆல்கஹால்ல கரையாத பிக்மென்ட் மைலயோ, பருத்தி பேப்பர்ல. பால்பாயின்ட் பேனாவும் சாதா பிரிண்ட் அவுட்டும் கொஞ்ச நாள்லயே மங்கிடும்.

லேபிள்ல ஊர் பேர் இருக்கேன்னு சந்தோஷப்படாதீங்க, அந்த ஊர் என்ன அர்த்தத்துல எழுதினாங்கன்னு பாக்கணும். 1892ல போகாக்னு ஒருத்தர், லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்துல வேலை பார்த்தவர், பாம்பே நேச்சுரல் ஹிஸ்டரி சொசைட்டி ஜர்னல்ல ஒரு பேப்பர் போட்டார். இலங்கைல இருந்து கிரீன் அனுப்பினதும், நம்ம எழும்பூர் மியூசியத்தோட சூப்பரின்டெண்டா இருந்த எட்கர் தர்ஸ்டன் தென்னிந்தியாவுல பல இடத்துல இருந்து சேர்த்து அனுப்பினதும்தான் அதுல இருக்கு. அந்த காலத்து சீட்டுல வெறும் "மெட்ராஸ்"னு இருந்தா என்ன எடுத்துக்கறது? மெட்ராஸ் நகரமா, இல்ல கஞ்சம்ல இருந்து மலபார் வரைக்கும் விரிஞ்சு கிடந்த மெட்ராஸ் மாகாணமா, இல்ல எங்கயோ பிடிச்சு மெட்ராஸ் துறைமுகத்துல கப்பல் ஏத்தினதா? மூணுமே சாத்தியம். மேப்ல சென்னை மேல ஒரு புள்ளி வெச்சுட்டு போனீங்கன்னா, அடுத்து தேடி வர்றவன் கிண்டி காட்டுல போய் ஏமாந்து நிப்பான், பூச்சி ஏற்காடு மலையில இருக்கும். பிடிச்சவரோட பேர், தேதி, அதே ஆள் அதே வருஷம் பிடிச்ச பல்லி, வண்டு, செடி எல்லாம் எந்த ஊர்னு எழுதியிருக்குன்னு மத்த துறைகளோட பதிவேட்டுல பாருங்க. பாம்பு பிரிவோட பதிவேட்டுல "ஷெவராய்ஸ், 4,500 அடி"னு அதே தேதிக்கு ஒரு வரி இருந்தா உங்க மரவட்டைக்கும் வழி கிடைச்சிடும். அப்படியும் தெரியலைன்னா தெரியலைன்னே எழுதுங்க, நீங்க யூகிச்சதை சதுர அடைப்புக்குறிக்குள்ள போடுங்க, லேபிள்ல இருக்கறதை எழுத்து மாறாம அப்படியே போடுங்க. உதகமண்டலம்னு திருத்தாதீங்க, ஊட்டகமண்ட்னு இருந்தா ஊட்டகமண்ட்தான்.

ஆணைத் தேடுங்க

மரவட்டைல கிட்டத்தட்ட எல்லாமே ஆணை வெச்சுத்தான். வெளிய பாத்தா ஒரே மாதிரி இருக்கற அஞ்சு இனம், ஆணோட இனச்சேர்க்கை காலை எடுத்து பாத்தா அஞ்சும் தனித்தனி. அந்த காலுக்கு கோனோபாட்னு பேரு. நடக்கற காலே மாறி விந்தை கொண்டு போய் சேக்கற கருவியா ஆயிருக்கும், கொக்கி, தகடு, சுருள், முள்னு ஒவ்வொரு இனத்துக்கும் ஒரு வடிவம்.

எங்க தேடணும்? தலைக்கு பின்னாடி இருக்கற முதல் வளையம், கோலம்னு சொல்லுவாங்க, அதுக்கு கால் கிடையாது. ரெண்டு, மூணு, நாலாவது வளையத்துக்கு ஒரு ஜோடி, அஞ்சாவதுல இருந்து வளையத்துக்கு ரெண்டு ஜோடி. இப்படி எண்ணிட்டு வந்தா எட்டாவது ஒன்பதாவது ஜோடி கால் ஏழாவது வளையத்துல வரும். பாலிடெஸ்மிடாவுல எட்டாவது ஜோடிதான் கோனோபாட், வயித்துப் பக்கம் திருப்பினா ஒரு குழிக்குள்ள இருந்து வெளிய நீட்டிக்கிட்டிருக்கும், சாதாரண ஸ்டீரியோ மைக்ரோஸ்கோப்லயே தெரியும். இதனாலதான் ஆரம்பிக்கறவங்களுக்கு அது நல்லதுன்னு சொன்னேன். உருளை மரவட்டைல ஒரு வரிசையான ஸ்பைரோபோலிடாவுல எட்டும் ஒன்பதும் ரெண்டுமே மாறி உள்ள ஒளிஞ்சிருக்கும், "ஏழாவது வளையத்துல கால் காணோமே"ன்னு தோணினா அதான் ஆண். சுருண்டுக்கற ஆர்த்ரோஸ்ஃபேராவுல கதையே வேற, அங்க மாறியிருக்கறது உடம்போட கடைசில இருக்கற கால்கள், அதுக்கு டீலோபாட்னு பேரு.

பாட்டில்ல நாப்பது இருந்து எல்லாமே பெண்ணும் குஞ்சுமா இருந்தா மூடி வெச்சிடுங்க. கஷ்டமாத்தான் இருக்கும், ஆனா பெண்ணை மட்டும் வெச்சு பேர் வெச்சு அடுத்து வர்ற தலைமுறைக்கு தலைவலி கொடுத்தவங்க 19ம் நூற்றாண்டுலயே நிறைய பேர் இருக்காங்க, அந்த பேர்களை இன்னிக்கு வரைக்கும் எங்க பொருத்தறதுன்னு யாருக்கும் தெரியல. அதேமாதிரி முழுசா வளராத ஆணுக்கு கோனோபாட் அரைகுறையா மொட்டு மாதிரி இருக்கும், அதை பாத்துட்டு "ஆஹா, எளிமையான புது வடிவம்"னு குதிக்கக் கூடாது.

காஞ்சு போனதா இருந்தா

ஆல்கஹால் ஆவியாகி, சருகா ஒட்டிக்கிட்டு கிடக்கற பாட்டில் எல்லா மியூசியத்துலயும் உண்டு. தூக்கிப்போட வேண்டாம். ட்ரைசோடியம் பாஸ்ஃபேட்டை 0.5 சதவீத அளவுல தண்ணில கரைச்சு அதுல ஊற வெச்சா மெதுவா இளகி வரும், 1947ல இருந்தே புழக்கத்துல இருக்கற வைத்தியம் இது. இளகினதும் நல்ல தண்ணில அலசி, கொஞ்சம் கொஞ்சமா அடர்த்தி ஏத்தி 70-80 சதவீத எத்தனாலுக்கு கொண்டு வாங்க. எதுக்கும் முன்னாடி மியூசியத்துல கேட்டுக்கோங்க, சில பேர் அனுமதிக்க மாட்டாங்க.

சில பாட்டில்ல ஆல்கஹால் கறுப்பு டீ மாதிரி இருக்கும், பயப்பட வேண்டாம். உருளை மரவட்டைகள் தற்காப்புக்கு விடற பென்சோகுவினோன் திரவம்தான் அது. அதனாலயே பழைய ஸ்பெசிமன்ல நிறத்தை நம்ப முடியாது, சிவப்பும் மஞ்சளும் ஆல்கஹால்ல போயிடும், கறை ஏறி இல்லாத நிறம் வரும். "ஆல்கஹாலில் நிறம்: வெளிர் பழுப்பு"ன்னு எழுதிட்டு அதோட விட்டுடுங்க, நிறத்தை வெச்சு இனம் பிரிக்காதீங்க.

கோனோபாடை எடுக்கறது

இதுதான் கை நடுங்கற இடம். தேவையானது ஸ்டீரியோ மைக்ரோஸ்கோப், நம்பர் 5 ஃபோர்செப்ஸ் (கூர் நுனி இடுக்கி) ரெண்டு, குச்சில ஒட்டின மெல்லிசான பூச்சி ஊசி, கண்ணாடி தட்டு. தட்டுல ஆல்கஹால் ஊத்தி அதுக்குள்ளயே வேலை பாருங்க, வெளிய எடுத்து வெச்சு பண்ணினா காஞ்சு உடைஞ்சிடும், பறந்தும் போயிடும். அடில பஞ்சோ கழுவின மெல்லிய மணலோ போட்டா பூச்சி புரளாம நிக்கும்.

பாலிடெஸ்மிடாவுல குழியோட விளிம்புக்கும் கோனோபாடோட அடிப்பகுதிக்கும் நடுவுல ஒரு சவ்வு இருக்கும். ஊசியை அந்த விளிம்பு ஓரமா சுத்தி விட்டு சவ்வை அறுத்து, அப்புறம் அடிப்பகுதியை, அதாவது காக்ஸாவை, பிடிச்சு மெதுவா தூக்கணும். நுனியை பிடிச்சு இழுக்கவே கூடாது, விந்து போற குழாய் முடியற சோலினோமியர்ங்கற மெல்லிசான இழை பெரும்பாலும் நுனிப் பக்கம்தான், உடைஞ்சா இனத்தோட முக்கியமான அடையாளமே போச்சு. உருளை மரவட்டைல ஏழாவது வளையத்தை முன்னாடியும் பின்னாடியும் பிரிச்சு அந்த வளையத்தை தனியா எடுத்துதான் உள்ள இருந்து எடுக்க முடியும். நூறு வருஷ ஸ்பெசிமன் தானாவே துண்டு துண்டா கழண்டிருந்தா வேலை மிச்சம், ஆனா எந்த துண்டு எந்த பூச்சியோடதுன்னு குழம்பாம இருக்க ஒரு நேரத்துல ஒரு பூச்சிதான் தட்டுல இருக்கணும்.

ரெண்டு பக்கமும் எடுக்காதீங்க. ஒண்ணை எடுத்து மத்ததை அதோட இடத்துலயே விட்டு வைங்க, நீங்க எடுத்தது தொலைஞ்சா அடுத்தவங்களுக்கு ஒண்ணாவது மிஞ்சும், இயல்பா எந்த கோணத்துல உக்காந்திருக்குன்னும் தெரியும். எடுத்ததை குட்டி மைக்ரோவயல்ல போட்டு, அதே பூச்சி இருக்கற பாட்டிலுக்குள்ளயே போடணும். தனி ஸ்லைடா கனடா பால்சம்ங்கற பிசின்ல நிரந்தரமா பதிக்கறது பழைய பழக்கம், அப்படி பண்ணினது எல்லாம் தட்டையா அமுங்கி ஒரே பக்கம்தான் பாக்க முடியும், இன்னிக்கு அந்த ஸ்லைடுகளை பாக்கறவங்க அலுத்துக்கறாங்க. தற்காலிகமா கிளிசரின்ல வெச்சு பாருங்க, எல்லா பக்கமும் திருப்பலாம். ஃபோட்டோவுக்கு நீங்க நினைக்கற கோணத்துல அசையாம நிக்கணும்னா கடைல விக்கற தெளிவான ஹேண்ட் சானிடைசர் ஜெல் அருமையா வேலை செய்யும், அதுவும் ஆல்கஹால்தானே. குமிழ் இல்லாம ஊத்துங்க, குமிழ் வந்தா கொஞ்ச நேரம் விட்டா ஏறிப்போயிடும்.

எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப் வேணும்னா, காய வெச்சு தங்கம் பூசணும், அப்புறம் பழைய நிலைக்கு வராது. அதனால கைல ஒரே ஒரு ஆண்தான் இருக்குன்னா அந்த ஆசையை விட்டுடுங்க. மைக்ரோ சிடி ஸ்கேன் வசதி இருந்தா எதையும் கெடுக்காம உள்ளயும் வெளியவும் பாக்கலாம். 2015ல ஸ்பெயின் மரவட்டை ஒண்ணை அப்படி முழுசா ஸ்கேன் பண்ணி, டிஜிட்டல் மாதிரியை சைபர்டைப்னு சொல்லி வெளியிட்டு, ஒமட்டோயூலஸ் அவதார்னு பேர் வெச்சாங்க. பேர் நமக்கு கேட்ட மாதிரியே இருக்கும்.

இது ஏற்கனவே பேர் வெச்சதா?

கோனோபாட் கைக்கு வந்தாச்சு, வடிவம் வித்தியாசமா இருக்கு. இப்பதான் வேலையே ஆரம்பம்.

முதல்ல மில்லிபேஸ்னு ஒரு இலவச டேட்டாபேஸ் இருக்கு, அதுல உங்க பேரினத்துல இதுவரைக்கும் வெச்ச எல்லா பேரையும் எடுங்க. செல்லுபடியாகற பேர் மட்டும் இல்ல, இன்னொரு இனத்தோட சேத்துட்ட பேர், வேற பேரினத்துக்கு மாத்தின பேர், யாருன்னே தெரியாம தொங்கற பேர் எல்லாமே. உங்க பூச்சிக்கு பேர் அந்த தொங்கற லிஸ்ட்லதான் இருக்கும்னு வெச்சுக்கிட்டே தேடுங்க. அப்புறம் ஒவ்வொண்ணுக்கும் முதல் விவரிப்பை எடுத்து படிக்கணும், அடுத்தவங்க சுருக்கி எழுதினதை இல்ல. 1758லயும் அதுக்கு அப்புறமும் வந்தது எல்லாமே கணக்குதான், லின்னேயஸ் காலத்துல இருந்து. பழசு நிறைய பயோடைவர்சிட்டி ஹெரிடேஜ் லைப்ரரில இலவசமா ஸ்கேன் பண்ணி வெச்சிருக்காங்க. மொழி ஒரு பிரச்சினை, பழைய மரவட்டை ஆராய்ச்சியாளர்கள்ல ஃபெர்ஹோஃப் ஜெர்மன்ல எழுதித் தள்ளியிருப்பார், சில்வெஸ்ட்ரி லத்தீன்ல, ப்ரோலெமான் ஃபிரெஞ்சுல. ட்ரான்ஸ்லேட் ஆப் ஓரளவுக்கு கைகொடுக்கும், ஆனா உடலுறுப்பு பேர்களை அது அசிங்கமா மொழிபெயர்க்கும், அதனால முதல்ல ஒரு சின்ன அகராதி நீங்களே போட்டு வெச்சுக்கோங்க.

இந்தியாவுக்கு ஆட்டெம்ஸ் இல்லாம முடியாது. வியன்னா மியூசியத்துல இருந்த ஆள், 1936ல கல்கத்தா இந்தியன் மியூசியத்தோட வெளியீட்டுல இந்திய மரவட்டைகளைப் பத்தி கிட்டத்தட்ட இருநூறு பக்கத்துக்கு எழுதியிருக்கார், அடுத்து 1937, 1938, 1940னு பாலிடெஸ்மிடாவுக்கு மட்டும் மூணு தொகுதி போட்டார். படம் போட்டிருப்பார், ஆனா அவர் பாத்த கோணத்துல மட்டும்தான். உங்க கோனோபாடை அதே கோணத்துக்கு திருப்பி வெச்சு பாத்தாதான் ஒப்பிட முடியும். திருப்பாமலே "வேறமாதிரி இருக்கு"ன்னு புது பேர் வெச்சு, பின்னாடி ரெண்டும் ஒண்ணுன்னு தெரிஞ்ச கதை ஏராளம்.

படம் போதலைன்னா டைப் ஸ்பெசிமனையே பாக்கணும். ஒவ்வொரு இனப் பேரையும் ஒரு குறிப்பிட்ட ஸ்பெசிமன் தாங்கிக்கிட்டிருக்கும், அதான் ஹோலோடைப். பழைய காலத்துல ஒண்ணைனு குறிக்காம பாட்டில் மொத்தத்தையும் சொல்லிட்டு போயிருப்பாங்க, அதெல்லாம் சின்டைப், பின்னாடி வர்றவங்க அதுல இருந்து ஒண்ணை லெக்டோடைப்னு தேர்ந்தெடுக்கலாம். தென்னிந்திய மரவட்டைகளோட டைப் லண்டன், வியன்னா, கொல்கத்தான்னு சிதறிக் கிடக்கு. டைப்பை தபால்ல அனுப்ப பெரும்பாலும் மாட்டாங்க, க்யூரேட்டர்கிட்ட ஃபோட்டோ கேக்கலாம், எந்த கோணத்துல வேணும்னு உங்க ஸ்பெசிமனோட படத்தையே அனுப்பி "இதே மாதிரி"ன்னு கேட்டா சரியா எடுத்து அனுப்புவாங்க. பதில் வர மாசக்கணக்கு ஆகலாம், திரும்ப மெயில் போடறதுல வெக்கப்படாதீங்க.

இதை தாண்ட குறுக்கு வழி இல்ல. டைப் பாக்காம, பாக்க முயற்சி கூட பண்ணாம புது இனம் போடறவங்களை பாத்தா எனக்கு எரிச்சல்தான் வரும்.

வித்தியாசம் எவ்ளோ இருந்தா போதும்?

இதுக்கு அளவுகோல் கிடையாது. கைல எத்தனை ஆண் இருக்கோ எல்லாத்தையும் பாருங்க, ஒரே இடத்துல பிடிச்ச பத்து ஆணும் ஒரே வடிவம், இருபது கிலோமீட்டர் தள்ளி பிடிச்ச பத்தும் அதே வடிவம், பக்கத்து இனத்துக்கு நடுவுல இடைப்பட்ட வடிவம் எதுவும் இல்லைன்னா தைரியமா போகலாம். ஒரே ஒரு ஆண்தான், அதுவும் ஒரு முள் மட்டும் வளைஞ்சிருக்குன்னா அது உடைஞ்சதா, பிறவிக் கோளாறா, காயும்போது முறுக்கிக்கிச்சான்னு யோசிக்கணும், பாதி நேரம், நீங்க எடுக்காம விட்ட இன்னொரு கோனோபாடை பாத்தாலே விடை கிடைச்சிடும். உருளை மரவட்டைல வளையங்களோட எண்ணிக்கையை வெச்சு பிரிக்காதீங்க, ஒரே இனத்துலயே கூடக் குறைய இருக்கும். பாலிடெஸ்மிடாவுல பெரும்பாலும் இருபதுதான், நிலையா இருக்கும். ஒரே பாட்டில்ல ரெண்டு இனம் கலந்திருக்கறதும் சகஜம்.

டிஎன்ஏ பத்தி நிறைய பேர் கேப்பாங்க. 70 சதவீத ஆல்கஹால்ல பல வருஷம் கிடந்ததுல முழு பார்கோடு (இனத்தை அடையாளம் காண உதவற டிஎன்ஏ பகுதி) கிடைக்கறது கஷ்டம், துண்டு துண்டாதான் இருக்கும், அதுக்குன்னு தனி முறைகள் இருக்கு, செலவும் உண்டு. நடுப்பக்கத்து கால் ரெண்டு மூணு போதும், ஆனா அனுமதி எழுத்துல வாங்கணும். டிஎன்ஏ இல்லைன்னாலும் இனம் செல்லும். முடிஞ்சா அதே இடத்துக்கு போய் புதுசா பிடிச்சு ஒப்பிடறது இன்னும் நல்லது. டெய்லர் ஸ்விஃப்ட் பேர்ல நன்னேரியா ஸ்விஃப்டேன்னு ஒரு மரவட்டை 2022ல வந்துச்சே, அந்த ஆய்வுல அமெரிக்காவுல 17 மாநிலத்துல தேடிப் பிடிச்சதும், மியூசியத்துலயும் யூனிவர்சிட்டிலயும் இருந்ததும் சேத்து 1,800க்கு மேல ஸ்பெசிமன் பாத்து 17 புது இனம் போட்டாங்க. அந்த அளவுக்கு நம்மால முடியாதுதான், ஆனா எது நல்ல வேலைன்னு தெரிஞ்சு வெச்சுக்கணும்.

எழுதறது

விலங்குப் பேர்களுக்கு ஒரு சர்வதேச விதிப்புத்தகம் இருக்கு, இப்ப நடைமுறைல இருக்கறது நாலாவது பதிப்பு, 2000 ஜனவரி 1ல இருந்து. அது கட்டாயமா கேக்கறது கொஞ்சம்தான்: புதுசுன்னு வெளிப்படையா சொல்லணும், மத்ததுல இருந்து எப்படி வேறுபடுதுன்னு வார்த்தையில எழுதணும், ஹோலோடைப் எதுன்னும் அது எந்த மியூசியத்துல எந்த ஊர்ல இருக்கு, இருக்கப் போகுதுன்னும் சொல்லணும்.

ஹோலோடைப்பா முழு வளர்ச்சி அடைஞ்ச, கோனோபாட் நல்லா இருக்கற, லேபிள் தெளிவா இருக்கற ஆணை எடுங்க. அழகா இருக்கறதை விட ஊர் தெரிஞ்சதுதான் முக்கியம். மத்தது பாராடைப். ஊர் சந்தேகமா இருக்கறதை பாராடைப்ல சேக்காதீங்க, "பிற ஸ்பெசிமன்கள்"னு தனியா போடுங்க.

வேறுபாட்டு குறிப்பு, அதாவது டயக்னோசிஸ், இதுதான் எல்லாரும் படிக்கற ஒரே பத்தி. "பழுப்பு நிறம், நடுத்தர அளவு, கோனோபாட் சிக்கலானது"ன்னு எழுதினா அது எல்லா மரவட்டைக்கும் பொருந்தும். "சோலினோமியர் நுனி ரெண்டா பிளந்திருக்கறதால (பக்கத்து இனத்துல பிளக்காம கூரா இருக்கும்), கோனோபாட்ல ஃபெமரைட்ங்கற பகுதியோட உள்பக்கம் பல் இல்லாததால (அதுல ஒரு பெரிய பல் இருக்கும்)"னு எழுதினா அது வேலைக்கு ஆகும். எது கிட்டத்தட்ட இது மாதிரி இருக்கோ அதோட பேரைச் சொல்லி ஒப்பிடணும்.

முழு விவரிப்பு வரிசையா போகும், நீளம், அகலம், வளையம், தலை, உணர்கொம்பு, கோலம், முதுகுத் தகடு, தற்காப்பு திரவம் வர்ற நாற்றத் துளைகள் எந்தெந்த வளையத்துல, கால், கடைசில கோனோபாட் பக்கம் பக்கமா. நல்ல பேப்பர் ஒண்ணை மாதிரியா வெச்சு அதே வரிசைல எழுதிட்டு போங்க. பெண் இருந்தா அதையும் விவரிங்க, ஆனா அது இதே இனம்தான்னு எப்படி முடிவு பண்ணினீங்கன்னு சொல்லணும், "ஒரே பாட்டில்ல இருந்துச்சு"ங்கறது பலவீனமான காரணம்.

படம் ரெண்டு விதமும் வேணும்னு நான் நினைக்கறேன். ஃபோகஸ் ஸ்டாக்கிங் பண்ணின, அதாவது பல ஃபோகஸ்ல எடுத்து ஒண்ணா சேத்த ஃபோட்டோ எல்லாத்தையும் காட்டும், எது முக்கியம்னு காட்டாது. கோட்டோவியம் அதைக் காட்டும். கேமரா லூசிடா (மைக்ரோஸ்கோப்ல தெரியறதை பாத்து அப்படியே வரைய உதவற கருவி) இல்லைன்னா ஃபோட்டோவை இன்க்ஸ்கேப்ங்கற வரையற சாஃப்ட்வேர்ல போட்டு மேல கோடு இழுங்க, இலவசம்தான். அளவுகோல் கோடு ஒவ்வொரு படத்துலயும் இருக்கணும். நிறைய மரவட்டையோட மேல்தோல் புற ஊதா ஒளியில ஒளிரும், வெள்ளை வெளிச்சத்துல பளபளன்னு கூசற கோனோபாட் அந்த வெளிச்சத்துல மடிப்பு மடிப்பா தெளிவா தெரியும், 2017ல இதுக்குன்னே ஒரு முறை வெளியிட்டிருக்காங்க. கண்ணுக்கு பாதுகாப்பு கண்ணாடி போட்டுக்கோங்க.

படம் எடுக்கும்போது கால்ல, வாய்ப்பக்கத்துல ஏதாவது குட்டியா முளைச்சிருக்கான்னும் பாருங்க. 2020ல ட்ரோக்லோமைசஸ் ட்விட்டரின்னு ஒரு பூஞ்சைக்கு பேர் வெச்சாங்க, ட்விட்டர்ல யாரோ போட்ட அமெரிக்க மரவட்டை ஃபோட்டோவுல சின்ன சின்ன புள்ளியை கவனிச்சு, கோபன்ஹேகன், பாரிஸ் மியூசியத்துல பழைய ஸ்பெசிமன்களை எடுத்து பாத்து உறுதி பண்ணினது.

பேர்

ஆண் பேர்ல வெச்சா முடிவு இகர ஒலில வரும், பெண் பேர்ல வெச்சா ஸ்விஃப்டே மாதிரி, ஊர் பேருக்கு என்சிஸ். பெயரடையா இருந்தா லத்தீன் இலக்கணப்படி பேரினப் பேரோட பால் (ஆண்பால், பெண்பால் மாதிரி) எதுவோ அதுக்கு ஏத்த மாதிரி முடிவு மாறணும், மாற வேண்டாம்னா பெயர்ச்சொல்லா வைக்கறேன்னு எழுதிடுங்க. 2021ல மேற்கு ஆஸ்திரேலியாவுல பூமிக்கடியில 60 மீட்டர் ஆழத்துல இருந்து 1,306 காலோட வந்த யூமில்லிபஸ் பெர்செஃபோனேல இருக்கறது கிரேக்க பாதாள தேவி பேர். அதே பேரினத்துல அதே பேர் முன்னாடி இருந்திருக்கக் கூடாது, புது பேரினம் வைக்கறீங்கன்னா மொத்த விலங்குலகத்துலயும் இருக்கக் கூடாது, வண்டுக்கோ நத்தைக்கோ வெச்சிருந்தாலும் போச்சு. சொந்தப் பேரை வைக்க விதில தடை இல்ல, ஆனா யாரும் வைக்க மாட்டாங்க, வெச்சா சிரிப்பாங்க.

பேப்பர் வர்ற வரைக்கும் அந்தப் பேரை எங்கயும் எழுதாதீங்க, போஸ்ட்ல, கான்ஃபரன்ஸ் போஸ்டர்ல, தீசிஸ்ல எங்கயும். செல்லாத பேரா சுத்திக்கிட்டு அப்புறம் எல்லாரையும் குழப்பும். பாட்டில் லேபிள்லயே ஹாஃப்மன் மாதிரி இந்த ஃபீல்டுல பெரியவங்க "புது இனம்"னு ஒரு பேரை எழுதி வெச்சுட்டு வெளியிடாம போயிருந்தாலும் அது செல்லாது, அதை நீங்க அப்படியே எடுத்துக்கறதா இருந்தா யார் வெச்சதுன்னு எழுதி, நன்றியும் சொல்லிட்டு எடுத்துக்கோங்க.

எங்க போடறது

ஜூடாக்ஸா, ஜூகீஸ், யூரோப்பியன் ஜர்னல் ஆஃப் டாக்ஸானமி இதெல்லாம் மரவட்டை பேப்பர் வழக்கமா வர்ற இடம். நம்ம பக்கத்துல கோயம்புத்தூர்ல இருந்து வர்ற ஜர்னல் ஆஃப் த்ரெட்டன்ட் டாக்ஸா இருக்கு. யூரோப்பியன் ஜர்னல்ல எழுதறவங்களுக்கும் காசு இல்ல, படிக்கறவங்களுக்கும் இல்ல. காசு வாங்கிட்டு ஒரு வாரத்துல போடறேன்னு மெயில் அனுப்பற ஜர்னல் பக்கமே போகாதீங்க. விதிக்குள்ள வந்துட்டா அங்க போட்ட மோசமான பேரும் நிரந்தரம்தான், அதைத்தான் பின்னாடி வர்றவங்க சுமக்கணும்.

ஆன்லைன்ல மட்டும் வர்ற ஜர்னலா இருந்தா, 2012ல இருந்து ஒரு நிபந்தனை இருக்கு, பேப்பர் ஜூபேங்க்ங்கற விலங்குப் பேர்களோட ஆன்லைன் பதிவேட்டுல பதிவாகியிருக்கணும், பதிவானதுக்கு அடையாளம் பேப்பருக்குள்ளயே இருக்கணும். இல்லைன்னா பேர் செல்லாது. நல்ல ஜர்னல் அவங்களே பாத்துப்பாங்க, இருந்தாலும் ப்ரூஃப்ல ஒருதடவை சரிபாருங்க. ரிவ்யூல திட்டு வாங்கறது சகஜம், இந்த குரூப் தெரிஞ்சவங்க உலகத்துலயே கொஞ்சம் பேர்தான், அவங்கள்ல ஒருத்தருக்கு முன்னாடியே மெயில்ல படத்தை அனுப்பி கேட்டுட்டா பாதி திட்டு குறையும்.

வந்த பிறகு

ஹோலோடைப் பாட்டில்ல சிவப்பு லேபிள் போட்டு, இனப் பேர், உங்க பேர், வருஷம், பதிவு எண் எல்லாம் எழுதி, கோனோபாட் இருக்கற மைக்ரோவயல் உள்ள இருக்கான்னு கடைசியா ஒரு தடவை பாத்துட்டு லோனை திருப்பி அனுப்புங்க. லோன் தேதி தாண்டினா அடுத்த தடவை கேக்கும்போது அந்த க்யூரேட்டருக்கு ஞாபகம் இருக்கும். இந்தியாவுல இருந்து வந்த ஸ்பெசிமன்னா 2002 பல்லுயிர்ச் சட்டம் 39வது பிரிவுப்படி புது இனத்தை அரசு நியமிச்ச காப்பகத்துக்கு தெரிவிச்சு ஸ்பெசிமனும் கொடுக்கணும், விலங்குகளுக்கு அது ஜூவாலஜிக்கல் சர்வே ஆஃப் இந்தியா, அதுக்கு சென்னைலயே தென்மண்டல மையம் இருக்கு. பேப்பரோட பிடிஎஃபை மில்லிபேஸ் எடிட்டருங்களுக்கும், டைப் ஃபோட்டோ எடுத்து அனுப்பின ஒவ்வொரு மியூசியத்துக்கும் அனுப்பிடுங்க, அவங்க பதிவேட்டுல ஏத்திக்கட்டும்.